ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி வருகிறது என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ராதாபுரம் தாலுகாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊருக்கு மேற்கே ஒருத்தர் பட்டா நிலத்தில் கல்குவாரி வரப்போகிறதாம். வேலை கிடைக்கும், ரோடு வரும் என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். கிணறு வற்றிவிடும், வீடு விரிசல் விடும் என்று மீதிப்பேர் சொல்கிறார்கள். "ஆற்று மணலையும் அள்ளக்கூடாது, கல்லையும் உடைக்கக்கூடாதுன்னா வீடு எதை வச்சுக் கட்டுறது அண்ணாச்சி? பாதிப்பு நிஜமாவே எவ்வளவு, நாங்க என்னதான் செய்ய முடியும்?" இதுதான் கேள்வி.

கல்லே உடைக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. சில காலம் குவாரிகளுக்கு சர்வே வேலை பார்த்தவன், அந்த வருமானத்தில் சாப்பிட்டவன். பாறைக்கும் ஆற்று மணலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசித்தான் குழப்பமே வருகிறது.

தாமிரபரணி மணல் ஆற்றின் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இடம். மேலே தண்ணீர் ஓடாத சித்திரை வைகாசியிலும் மணலுக்குள்ளே தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும், திருநெல்வேலி மாநகரத்துக்கும் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களுக்கும் கூட்டுக்குடிநீர்த் திட்டங்களில் போகும் தண்ணீர் பெரும்பாலும் ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகளிலிருந்துதான் வருகிறது. மணல் போனால் உறைகிணறு வெறும் சிமெண்ட் வளையமாக நிற்கும். படுகை இறங்கினால் அணைக்கட்டுகளின் கீழ்ப்புறம் அரிப்பு எடுத்து அடித்தளத்துக்கே ஆபத்து, கரையோரக் கிணறுகளில் மட்டம் கீழே போகும். அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் மணல் வந்துவிடும் என்பார்கள். எங்கிருந்து வரும்? மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் நிற்கின்றன, மலையிலிருந்து இறங்கும் மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் தாமிரபரணி மணல் விஷயத்தில் என் பதிலில் இரண்டு பேச்சு கிடையாது, அதைத் தொடக்கூடாது. தோழர் நல்லகண்ணு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தாமே நின்று வாதாடி, 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் எடுக்க ஐந்து ஆண்டுத் தடை வாங்கினாரே, அந்த வழக்கின் உயிர்நாடி இதுதான்.

தடைக்குப் பிறகு மணல் திருட்டு நின்றுவிடவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். எம்-சாண்ட், அதாவது பாறையைப் பொடித்துச் செய்யும் மணலுக்கான உரிமம் ஒன்றை வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி பக்கம் பொட்டல் கிராமத்தில் ஆற்று மணலையே அள்ளிய வழக்கில் கோடிக்கணக்கில் அபராதமும் கைதுகளும் வந்தன. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை, மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்த காரணத்துக்காக, அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். ஒரு அரசு ஊழியர், பட்டப்பகலில், தன் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எதைச் செய்தாலும் தனியாகச் செய்யாதீர்கள். மனு என்றால் பத்துப் பேர் கையெழுத்தோடு போகட்டும், கலெக்டர் ஆபீஸ் போனாலும் கூட்டமாகப் போங்கள், குவாரி வாசலில் தனியாக நின்று யாரும் போட்டோ எடுக்க வேண்டாம்.

சரி, பாறைக்கு வருவோம். ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் வந்தது, எம்-சாண்டுக்குப் பாறை வேண்டும், நம் பக்கத்துப் பாறை நல்ல உறுதியான பாறை, ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் அருமையானது. நம் தேவை போதாதென்று மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவின் தேவையும் சேர்ந்துகொண்டது, புளியரை வழியாகவும் களியக்காவிளை வழியாகவும் டாரஸ் லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்க்காதவர்கள் தென்காசி, நாகர்கோவில் ரோட்டில் யாரும் இருக்க முடியாது. ஊர்த் தேவைக்கு உடைக்கும் குவாரியின் வேகம் வேறு, இந்தத் தேவைக்கு உடைக்கும் குவாரியின் வேகம் வேறு. என் அனுபவத்தில் ஊரைக் கெடுப்பது இந்த வேகமும் ஆழமும்தான். அனுமதிக் காகிதத்தில் எழுதியிருக்கும் குழி ஒன்று, தரையில் இருக்கும் குழி இன்னொன்று. கிணறு வற்றுவது, வீடு விரிசல் விடுவது, ஆள் சாவது எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் நடக்கிறது.

அடைமிதிப்பான்குளம் கல்குவாரியை எடுத்துக்கொள்ளுங்கள், முன்னீர்பள்ளம் பக்கம், 2022 மே 14 ராத்திரி. சுமார் 300 அடி ஆழக் குழிக்குள் ஹிட்டாச்சியும் லாரியும் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்தது. ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள், இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள், நாலு பேர் இறந்துபோனார்கள். மேலும் மேலும் பாறை சரிந்ததால் தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தும் உடல்களை எடுக்க நாள்கணக்கில் ஆனது. அந்தக் குழியின் படங்களைத் தேடிப் பாருங்கள், சுவர் மாதிரி நேர் செங்குத்தாக இருக்கும். சர்வே பார்த்தவன் கண்ணுக்கு அது ஒன்றே போதும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், இது உங்களுக்குப் பின்னால் உதவும். குவாரியைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். எப்படி, எவ்வளவு தோண்டுவோம் என்று குவாரிக்காரர் எழுதிக்கொடுக்கும் சுரங்கத் திட்டங்களில் இங்கே வழக்கமாக 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று படி போட்டிருப்பார்கள். மேலேயிருந்து ஒரு கல் உருண்டால் அடுத்த படியில் நிற்கும், அடியில் நிற்கும் ஆள் மேல் விழாது. இப்போது கணக்குப் போடுங்கள். 4 ஹெக்டேர் நிலம், சதுரமாக இருந்தால் 200 மீட்டருக்கு 200 மீட்டர். பக்கத்துப் பட்டாவுக்கு 7.5 மீட்டர் விட வேண்டும், இரண்டு பக்கமும் கழித்தால் 185 மீட்டர். ஒவ்வொரு 5 மீட்டர் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் படிக்குப் போய்விடும். அப்படியே இறங்கினால் 90 மீட்டர் வாக்கில் குழி கீழே ஒரு புள்ளியாகக் குறுகிவிடும், லாரி திரும்பக்கூட இடம் இருக்காது. அதனால் ஒழுங்காகச் செய்கிறவன் பாதி ஆழத்திலேயே நின்றுவிடுவான். அதாவது நிலத்தின் அகலமே ஆழத்துக்கு வரம்பு கட்டிவிடுகிறது. ஒரு சின்ன நிலத்தில் குழி பயங்கர ஆழமாக இருக்கிறது என்றால், படி போடவில்லை என்று உள்ளே இறங்கிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். படிக்கு விட்ட கல் முதலாளிக்குப் பணம், அதை விட்டுவைக்க மனசு வராது, அவ்வளவுதான் காரணம்.

உள்ளே வேலை பார்க்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலை கிடைக்கும் என்று ஊரில் சொல்கிறார்களே, வாட்ச்மேன், லாரி டிரைவர், கல் அரைக்கும் கிரஷரில் கூட்டிப்பெருக்கும் பெண்கள் என்று சில பேருக்குக் கிடைக்கும், அது பொய் இல்லை. ஆனால் கம்ப்ரசரில் துளை போடுகிறவர்கள், ஹிட்டாச்சி ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் பீகார், ஒடிசா பக்கமிருந்து வருகிறவர்கள், குவாரி ஓரத்திலேயே தகரக் கொட்டகையில் தங்குகிறார்கள். சங்கர் நகரில் 1949-லிருந்து சிமெண்ட் ஆலை இருக்கிறது, சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரிய பெரிய குழிகள் தாழையூத்துப் பக்கம் இருக்கின்றன, அதற்கும் பாதிப்பு உண்டு. என்றாலும் அந்த ஆலையால் தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. ஐந்து வருஷம் பத்து வருஷம் குத்தகை எடுத்து உடைத்துவிட்டுப் போகிற கல்குவாரியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

துளை போடும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான தூசிதான் நுரையீரல் அடிவரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திரும்பாது, மருந்து கிடையாது. அது இருக்கிறவர்களுக்குக் காசநோயும் எளிதாக வரும், இரண்டுக்கும் இருமலும் மூச்சிரைப்பும் இருப்பதால் வெறும் டிபி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. உங்கள் ஊர் ஆள் யாராவது துளை போடும் வேலைக்கோ கிரஷருக்கோ போனால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகத் தான் பார்க்கும் வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் இந்தத் தூசி நிற்காது. தண்ணீர் ஊற்றித் துளை போடுவதும், கிரஷரைச் சுற்றித் தகரம் அடைத்துத் தண்ணீர் தெளிப்பதும்தான் வழி.

ஊருக்குள் வரும் தூசி வேறு மாதிரி. உங்கள் பக்கம் முருங்கைத் தோட்டம் நிறைய. கிரஷர் பக்கத்துத் தோட்டத்தில் மார்கழிக் காலையில் போய் ஒரு கொப்பை வளைத்துப் பாருங்கள், பனியோடு தூசி சேர்ந்து இலை மேல் சாம்பல் நிறத்தில் ஒட்டிப்போயிருக்கும், தட்டினால் உதிராது, விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். கீரை ஆய உட்காருகிற பெண்கள் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவியும் சமைத்தபின் பல்லில் மணல் கடிபடுகிறது என்பார்கள். இதைப் பெரிய ஆய்வு எல்லாம் வைத்துச் சொல்லத் தேவையில்லை, ஒரு வெள்ளைத் துணியைத் திண்ணையில் விரித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

கிணறு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் ஊரில் சண்டையே இதில்தான் என்று தெரிகிறது. இரண்டு தரப்பும் முழுசாகச் சரியில்லை. நம் பக்கம் கடினப் பாறைப் பூமி, மேலே மக்கிய பாறை கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகள், தண்ணீர் அந்த வெடிப்புகளில்தான் இருக்கிறது, ஓடுகிறது. குவாரிக் குழி உங்கள் கிணற்றின் அடியை விட ஆழமாகப் போய், இடையில் ஒரு வெடிப்பு இணைத்துவிட்டால், கிணற்றுத் தண்ணீர் குழிக்குப் போகும், அவர்கள் அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே விடுவார்கள். வெடிப்பு இணையவில்லை என்றால் 200 மீட்டரில் இருக்கிற கிணறுகூடத் தப்பிக்கும், இணைந்துவிட்டால் ஒரு கிலோமீட்டரில் இருக்கிற கிணறுகூட வற்றலாம். அதனால்தான் "என் கிணறு நல்லாத்தானே இருக்கு" என்று ஒருத்தர் சொல்வதும் "என் கிணறு போச்சே" என்று இன்னொருத்தர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். குவாரிக்காரர் வந்து, மழை இல்லை, அதனால் வற்றியது என்று சொன்னால் அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. கணக்கு இல்லாத ஊர் இங்கேதான் தோற்கிறது.

அதனால் குவாரி வருவதற்கு முன்னாலேயே அளக்கத் தொடங்குங்கள். ஒரு எட்டுப் பத்துக் கிணறு போதும், குவாரி வரும் இடத்தைச் சுற்றி நாலு திசையிலும், பக்கத்தில் சில, தூரத்தில் சில. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு இடத்தில் பெயிண்டில் குறி போடுங்கள், எப்போதும் அந்தக் குறியிலிருந்துதான் அளக்க வேண்டும். டேப்பின் நுனியில் ஒரு கனமான நட்டைக் கட்டி இறக்கினால் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். மாதம் ஒரே தேதியில், விடிகாலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளங்கள், இல்லையென்றால் இறைத்த மட்டத்தைத்தான் அளப்பீர்கள். நோட்டில் தேதி, கிணற்றின் சர்வே நம்பர், மட்டம், அந்த மாதம் மழை பெய்ததா, அளந்தவர் இரண்டு பேர் கையெழுத்து. ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகையும் இந்த நோட்டில் ஏறிவிட்டால், மழைக்கு உங்கள் கிணறு எவ்வளவு ஏறும், வெயிலுக்கு எவ்வளவு இறங்கும் என்று பதிவாகிவிடும், அப்புறம் குவாரி வந்தபின் மாற்றம் வந்தால் மழையின் மேல் பழி போட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைச் செய்யலாம், செய்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீடுகளுக்கும் இதேதான். வெடி வைக்கத் தொடங்கும் முன் எல்லா வீட்டுச் சுவரையும் உள்ளும் புறமும் தேதியோடு படம் எடுத்து வைத்துவிடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் மறைக்க வேண்டாம், விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீண்டால் தெரியும். வெடி அதிர்வுக்கு சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் வரம்பு வைத்திருக்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் சாதாரண வீடுகளுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8-லிருந்து 25 வரை 10, அதற்கு மேல் 15. இதை அளக்கக் கருவி இருக்கிறது, குவாரிக்காரர் ஆள் வைத்து அளந்து காட்ட வேண்டும். "எங்கள் வீட்டில் வைத்து அளந்து காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அதிர்வு கூடுவது மொத்தம் எத்தனை துளை வெடித்தது என்பதை விட, ஒரே நேரத்தில் எவ்வளவு வெடிமருந்து வெடித்தது என்பதைப் பொறுத்தது. சின்னச் சின்ன இடைவெளி விட்டு வெடித்தால் அதிர்வு குறையும், அவசரத்தில் மொத்தமாக வெடிக்கும்போதுதான் பாத்திரம் அலமாரியிலிருந்து விழும்.

அடுத்தது காகிதம். கல், ஜல்லி, மணல் மாதிரி சிறுகனிமம் என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் குவாரி நடத்த முடியாது, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்னது அது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை கொடுக்கக்கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. இதை முதலில் நீங்களே அளந்துவிடுங்கள், குவாரிக்கான சர்வே நம்பரின் எல்லையிலிருந்து கடைசி வீடு வரை, நிலத்தின் நடுவிலிருந்து அல்ல. காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது என்று 2021 நவம்பரில் அரசு ஒரு நல்ல விதி கொண்டுவந்தது, 2022 டிசம்பரில் காப்புக்காட்டுக்கு அதைத் தளர்த்திவிட்டது, இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம், மலையடிவார ஊர்களுக்கு இருந்த ஒரே தடுப்பு அது.

பட்டா 5 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவாக, 4.9, 4.8 என்று விண்ணப்பம் இருந்தால் கவனியுங்கள். 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இப்படி வெட்டுவார்கள். ஆனால் 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளின் பரப்பைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், சேர்த்தால் 5-ஐத் தாண்டினால் கருத்துக்கேட்பு நடத்தியே ஆகவேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிற குவாரிகளின் சர்வே நம்பர்களை எழுதிக்கொண்டு போய் இதைக் கேளுங்கள். கருத்துக்கேட்பு வந்தால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும், முழுக்க வீடியோ எடுப்பார்கள். "எங்களுக்குக் குவாரி வேண்டாம்" என்று நூறு பேர் சொல்வதை விட, "இந்த அறிக்கையில் என் கிணறு இல்லை, இந்தக் குளம் இல்லை, இந்த ஓடை இல்லை" என்று பத்துப் பேர் சர்வே நம்பரோடு சொன்னால் அனுமதிக்கு முன் அறிக்கையைப் பார்க்கும் மதிப்பீட்டுக் குழு கேள்வி கேட்க வாய்ப்பு அதிகம். இப்படி ஓடைகளையும் குளத்து வரத்துக்கால்களையும் விட்டுவிட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் சுரங்கத் திட்டத்தையும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். அனுமதிக் கடிதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் கிடைக்கும். அதில் மொத்த ஆழம், மொத்த கன மீட்டர், வருஷ வாரியாக எவ்வளவு என்று இருக்கும். உதாரணத்துக்கு ஐந்து வருஷத்தில் 4 லட்சம் கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 80,000, வேலைநாள் 300 என்றால் நாளுக்குச் சுமார் 267 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் 720 டன், லாரிக்கு 20 டன் என்றால் 36 நடை. ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினால் போதும். 36 போகவேண்டிய இடத்தில் 100 போனால், ஐந்து வருஷக் கல் இரண்டு வருஷத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதில் எத்தனைக்கு நடைச்சீட்டு, அதாவது லாரி கல் ஏற்றிப்போக வேண்டிய அனுமதிச் சீட்டு, போட்டார்கள் என்று கனிமவளத் துறை உதவி இயக்குநரிடம் எழுதிக் கேட்கலாம்.

நீதிமன்றம் போவதாக இருந்தால் நாள் கணக்கை மறந்துவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் போனால் எடுக்கவே மாட்டார்கள். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் முதல் வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்புகிறார்கள், அப்போது அந்த நாள் எல்லாம் கடந்திருக்கும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது, குவாரிகள் அரசுக்குக் கட்டும் தொகையோடு ஒரு பங்கை இதற்கும் கட்ட வேண்டும், அந்தப் பணம் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்குத்தான். குவாரிக்காரர் கோயில் கொடைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார் என்று ஊர் மகிழ்ந்துபோகிறது, உரிமையோடு கேட்கவேண்டிய பணம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.

கடற்கரைத் தாது மணலையும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். அது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் தாலுகா கடற்கரையில் சிவப்பாக வரிவரியாகத் தெரிகிற மணலில் கார்னெட், இல்மனைட், சிர்கான் எல்லாம் இருக்கிறது, தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. 2013-ல் அரசு தடை போட்டது, ஆனாலும் சட்டவிரோதமாக எடுத்தது பெரிய வழக்காகி, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது, 5,832 கோடி ரூபாய் வசூலிக்க அரசு அனுப்பிய நோட்டீசும் செல்லும் என்றது. அங்கேயும் விஷயம் இதேதான், எவ்வளவு எடுத்தார்கள் என்று அந்தந்த வருஷமே யாரும் அளக்கவில்லை, பின்னால் குழு மேல் குழு போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் குவாரி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதவில்லை. விண்ணப்பம்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் சர்வே நம்பரையும் பரப்பையும் விஏஓவிடம் கேட்டு அனுப்புங்கள், 500 மீட்டர் வட்டத்தில் வேறு குவாரி இருக்கிறதா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன். அனுமதி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் கடிதத்தின் தேதியை முதலில் பாருங்கள், அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் கிணற்றுக் கணக்கை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள், ஒரு டேப்பும் ஒரு நோட்டும் தவிர அதற்கு வேறு செலவில்லை.